விலாப் பை

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தையல் கூடத்தில், ராணுவத்துக்குப் போகவேண்டிய அறுநூறு குண்டு துளைக்காத ஜாக்கெட்டுகளின் உறைகளில் உள்பக்கமாகச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன.

அன்று ஆயுத பூஜை. காலையிலிருந்தே மெஷின்களை எண்ணெய் போகத் துடைத்து, நூல் தூசி தட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் பொட்டு வைத்தாயிற்று. கத்தரிக்கோல்கள், இஸ்திரிப் பெட்டிகள், துணி வெட்டும் கரண்டுக் கத்தி, வாசலில் நின்ற மினி லாரி என்று எதையும் விடவில்லை. முதலாளி ராஜாங்கம் வெள்ளை வேட்டியில் வந்து சூடம் காட்டிவிட்டுப் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போயிருந்தார். பெண்கள் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க்கா, ஆயுத பூஜைன்னா ஆயுதத்துக்குத்தானே?" என்று ஆரம்பித்தாள் அஞ்சலாட்சி. கூடத்தில் வேகமான கை அவளுடையது. வாயும் அப்படித்தான். "கத்தரிக்கோலுக்கெல்லாம் வெச்சிட்டு, பட்டாளத்துக்குப் போற சாமான விட்டுட்டோமே."

லைன் சூப்பர்வைசர் நிர்மலாதேவி பொட்டலம் மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "அது ஆயுதம் இல்லடி. ஜாக்கெட்டு."

"நாம வூட்டுல கொக்கி வெச்சித் தைக்கிற ஜாக்கெட்டா அது? குண்டையே நிறுத்தற ஜாக்கெட்டு."

"சரி, காலிப் பொட்டி மேல வெச்சிடு. போதும்."

"அட்டப்பொட்டிக்கு வெச்சா அது அட்டப்பொட்டிக்குத்தான் போய்ச் சேரும். உள்ள போகப்போற பாவப்பட்டதுக்கு என்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலாதேவியும் சிரித்தாள். ஆனால் அவள் கண் மேசைப் பக்கம் போயிற்று.

மற்ற வருடங்களாக இருந்தால் சரக்கு பெட்டிக்குள் போய்ப் பட்டையும் கட்டியிருக்கும். இந்த முறை வியாழக்கிழமை சோதனை அதிகாரி வருவதாக இருந்ததால், உறைகள் மடித்து மேசைகளின் மேல் அடுக்கு அடுக்காகத் திறந்தே கிடந்தன.

அந்தக் கூடத்தில் தைப்பது உறை மட்டும்தான். குண்டைத் தாங்கும் தகடுகள் வடக்கே எங்கோ தயாராகி, வேறொரு கிடங்கில் உறைக்குள் செருகப்படும். நெஞ்சுக்கு ஒரு பை, முதுகுக்கு ஒரு பை, இரண்டு விலாவுக்கும் இரண்டு சின்னப் பைகள். பழைய மாதிரி ஜாக்கெட்டில் விலாவுக்கு எதுவும் கிடையாது. புதிதில்தான் வந்தது. விலாப் பை என்று கூடத்தில் அதற்குப் பெயர். அதன் மூலைத் தையலை மட்டும் நிர்மலாதேவி வேறு யாரையும் பார்க்க விடுவதில்லை. ஒவ்வொன்றையும் தானே விரலை விட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுக்கில் வைப்பாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய ஒரே பிள்ளை எழிலரசன் பட்டாளத்தில் இருந்தான்.

முதலியார்பேட்டையில் அவர்கள் தெருமுனையில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் பென்ஷனில் மாடி மேல் மாடி கட்டிய வீடு. பட்டாளம் என்றால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அந்த மாடிதான் நினைவுக்கு வரும். "அந்தப் பட்டாளம் வேற, நீ போற பட்டாளம் வேறடா," என்று தகப்பன் பாவாடை சொல்லிப் பார்த்தார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஒரு துணிக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தவர் அவர். யூனிஃபார்ம் போட்டு நிற்பதில் ஒன்றுமில்லை என்பது அவர் அனுபவம். பிள்ளை கேட்கவில்லை. இப்போது ஒரு மலை மேல் இருந்தான். எந்த மலை என்று சொல்லமாட்டான்.

ஜூலையில் ஒருநாள் போனில் பேசும்போதுதான் அந்த விஷயம் வாய் தவறி வந்தது.

"எங்க ஜாக்கெட்டு பழசும்மா. தோள்பட்டப் பட்ட பிஞ்சிபோச்சி. ஷூ லேஸ் போட்டுக் கட்டி வெச்சிருக்கேன்."

"புதுசு கேக்கறதுதானே?"

"கேட்டாச்சி. வருதுன்னாங்க. ரெண்டு வருசமா வந்துக்கினே இருக்குது."

"எல்லாருக்குமா அப்பிடி?"

"எல்லாருக்கும் ஜாக்கெட்டு இருந்தாத்தானே எல்லாருக்கும் பிய்யும். ரோந்துக்குப் போறவன் போட்டுப்பான். வந்து கழட்டிக் குடுத்தா அடுத்தவன் போட்டுப்பான். ஈரமா இருக்கும், அதான் கஷ்டம்."

ஈரம்தான் கஷ்டம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிர்மலாதேவி டெம்போ பிடித்துக் குருசுக்குப்பம் போய், வலை பின்னும் நைலான் நூலில் ஒரு கண்டு வாங்கினாள். இரண்டு கோணி ஊசியும் சேர்த்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பினாள். பார்சல் போய்ச் சேர்ந்ததும் போனிலேயே தைக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

"பட்டய ரெண்டா மடி. நாலு பக்கமும் பொட்டி மாதிரி தைச்சிக்க. நடுவுல பெருக்கல் குறி போடு. ஊசி எடுத்த ஓட்டையிலயே இன்னொரு தரம் விடு. இழுத்தா கை வலிக்கணும், நூலு அசையக் கூடாது."

இரண்டு வாரம் கழித்து அவன் சொன்னான். "இங்க இப்ப என் பேரு டெய்லரு. எல்லாவன் தோள்பட்டயும் நான்தான் தைக்கிறேன். ஆமா, நீ தைக்கிறியே புதுசு, அதுல என்னாதான் இருக்குது?"

"எடை கம்மி. விலாவுக்குத் தகடு வெக்கப் பை இருக்குது."

"அதான் இதுல இல்ல. கைய மேல தூக்கினா அந்தப் பக்கம் தொறந்த வூடு மாதிரி இருக்குது. சீக்கிரம் தைச்சி அனுப்பும்மா."

அவளும் சீக்கிரம்தான் தைக்கப் பார்த்தாள். ஆர்டர் போன வருடமே வந்துவிட்டது. வடக்கே ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து வரவேண்டிய துணி எட்டு மாதம் வரவில்லை. ஏன் என்று கேட்டு ராஜாங்கம் அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. அந்த எட்டு மாதமும் பாதி மெஷின்களில் பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். துணி வந்து, தைத்து முடித்த பிறகு சோதனை அதிகாரியின் வரவு மூன்று முறை தள்ளிப்போயிற்று. இப்போதுதான் வியாழக்கிழமை என்று உறுதியாகியிருந்தது.

நிர்மலாதேவி பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து மேசைக்குப் போனாள். மேலே இருந்த உறையின் முன்பக்கத்தைத் திறந்தாள். நெஞ்சுப் பையின் உள்புறம், தகடு செருகிவிட்டால் யார் கண்ணிலும் படாத இடம். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி ஒரு நொடி நின்றாள்.

"அப்பிடிப் போடுக்கா," என்றாள் அஞ்சலாட்சி.

பிறகு எல்லோரும் எழுந்து வந்தார்கள். ஆளுக்கு ஓர் அடுக்கு எடுத்துக்கொண்டார்கள். தம்பி சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவள், புருஷன் கடலுக்குப் போகிறவள், யாருமே இல்லாதவள், எல்லோரும் வைத்தார்கள். மாலா என்ற புதுப் பெண் கையில் சந்தனம் தண்ணியாகி வழிந்தபோது, "கொஞ்சமா வையி, அவனுங்க என்னா பொண்ணு பாக்கவா போறானுங்க," என்று அஞ்சலாட்சி அதட்டினாள். பூசணிக்காய் உடைத்துவிட்டு உள்ளே வந்த ராஜாங்கம் பார்த்தார். நல்ல காரியம் என்றுதான் அவருக்கும் பட்டது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். சென்னைக்காரர், ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் அவருக்கும் சந்தனக் கீற்று. அடுக்குகளிலிருந்து தம் விருப்பத்துக்குச் சிலவற்றை உருவி எடுத்தார். அளந்தார், தையல்களை எண்ணினார், பட்டைகளை எடைக்கல் தொங்கவிட்டு இழுத்தார். விலாப் பையின் மூலையை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, "தையல் நல்லா இருக்கு," என்றார். நிர்மலாதேவிக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு நெஞ்சுப் பையைத் திறந்தார்.

"இது என்ன?"

"பூஜை போட்டோம் சார்," என்றார் ராஜாங்கம்.

அதிகாரி இன்னொன்றைத் திறந்தார். இன்னொன்றை. "எல்லாத்துலயுமா?"

அஞ்சலாட்சி மெதுவாக, "எல்லாரும்தான் சார் வெச்சோம்," என்றாள்.

"நான்தான் சார் ஆரம்பிச்சேன்," என்றாள் நிர்மலாதேவி.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பின்னால் தோன்றியது. "நானும் கும்பிடறவன்தான்மா. என் காரைப் பாருங்க, நாலு சக்கரத்துக்கும் வெச்சிருக்கேன். ஆனா என் காரை யாரும் சோதிக்க மாட்டான். இந்தத் துணியில கறை, எண்ணெய், சாயம் எதுவும் படக் கூடாதுன்னு எழுதியிருக்கு. ராத்திரியில பாக்கிற கண்ணாடியில இந்த இடம் எப்பிடித் தெரியும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"உள்பக்கம்தானே சார்," என்றார் ராஜாங்கம்.

"உள்பக்கம் பரவாயில்லன்னு எழுதலையே."

"சார், துணி வரவே எட்டு மாசம் ஆச்சு. அப்ப யாரும் ஏன்னு ஒரு வார்த்த கேக்கல."

"அது என் கையில இல்ல." அவர் கைக்குட்டையால் விரலில் ஒட்டிய குங்குமத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் துண்டை மட்டும் பிரிச்சி மாத்துங்க. இல்லன்னா துணி கெடாம சுத்தம் பண்ணிக் காட்டுங்க. அடுத்த வாரம் இந்தப் பக்கம் வர்றேன், பாக்கிறேன்."

அவர் கார் போன பிறகு ராஜாங்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பிரிச்சி மாத்துறதுதான் சரி. துணிக்கு எழுதிப் போடறேன்."

"எழுதிப் போட்டா எப்ப சார் வரும்?" என்றாள் நிர்மலாதேவி.

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"குங்குமந்தானே சார். தொவச்சா போயிடும். ரெண்டே நாளு."

"துணி என்னா ஆவுமோ."

"புடவையில படாத குங்குமமா? பக்குவமாத் தொவைக்கிறேன் சார். நவம்பர்ல ஏத்திடலாம். குளிருக்குள்ள போய்ச் சேந்துடும்."

ராஜாங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் துணிக்காக மறுபடி காத்திருக்க மனம் இல்லை. "செய்யி," என்றார்.

மழை தொடங்கியிருந்தது. கூடத்தின் பின்னால் தகரக் கொட்டகையில் வாளிகளை வரிசையாக வைத்து, சோப்புத் தூளும் எலுமிச்சம்பழமுமாகப் பெண்கள் உட்கார்ந்தார்கள். சந்தனத்தில் மஞ்சள் கலந்திருந்ததால் லேசில் போகவில்லை. பல் துலக்கும் பிரஷ் வாங்கி வந்து தேய்த்தார்கள். "எம் புருசன் சட்டையக்கூட இப்பிடித் தொவச்சதில்லக்கா. பாத்தா அழுதுடுவான்," என்றாள் அஞ்சலாட்சி. உள்ளே கொடி கட்டி, எல்லா மின்விசிறிகளையும் ஓடவிட்டுக் காயவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். கடைசியில் கறை போய்விட்டது. நிர்மலாதேவி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போயே விட்டது.

அடுத்த வாரம் அதிகாரி ஒரு சின்னத் தெளிப்பானுடன் வந்தார். உறையை மேசை மேல் விரித்து, கழுவாத தோள் பக்கம் தண்ணீர் தெளித்தார். சேப்பங்கிழங்கு இலை மேல் விழுந்ததுபோல் துளிகள் திரண்டு உருண்டன. நெஞ்சுப் பக்கம் தெளித்தார். துளிகள் ஒரு கணம் நின்று, பிறகு துணிக்குள் இறங்கின. இடம் கறுத்தது. அந்தக் கறுப்பு மெல்லப் பரவியது.

"தண்ணி ஒட்டாம இருக்கப் போட்ட மேல் பூச்சு போயிடுச்சு," என்றார். "சோப்புத் தண்ணி முன்பக்கம் பூரா ஓடியிருக்கு. முன்பக்கத் துணி முழுசும் மாத்தணும்."

நிர்மலாதேவி அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் இன்னும் சிலவற்றில் தெளித்தார். எல்லாம் குடித்தன.

அறிக்கை வந்ததும் ராஜாங்கம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். சரக்கு தாமதமாவதற்குக் காரணம் தையல் கூடத்தின் கவனக்குறைவு என்று இருந்தது.

"படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"நம்மள வுட்டா வேற யாரும் லேட்டே பண்ணல போலிருக்கு." அவர் அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. துணிக்கு எழுதினார். மெஷின்களில் மறுபடி பள்ளிக்கூடப் பை ஏறியது.

தீபாவளிக்கு எழிலரசன் பேசினான். அவள் பொட்டு வைத்ததைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இங்க நாங்களும் அன்னிக்கித் துப்பாக்கி வரிசையா வெச்சிப் பூஜ போட்டோம்மா. எங்க மேஜரே குங்குமம் வெச்சாரு. பீரங்கிக்கு மாலையே போட்டாங்க. அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லல, உன் துணிக்குத்தான் கேஸா?"

"துணிதான் கெட்டுப்போச்சிடா."

"சரி வுடு. பழசு ஜாக்கெட்டு ஸ்ட்ராங்காத்தான் இருக்குது. டெய்லரு தைச்சதாச்சே."

துவைக்கச் சொன்னது தான்தான் என்பதையும் அவள் சொன்னாள். அந்த நேரம் பார்த்து லைன் கட்டாகிவிட்டது. அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு காலை, துணிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்த பாவாடைக்குப் போன் வந்தது. பேசியவருக்குத் தமிழ் தெரியவில்லை. கடைக்குள்ளிருந்த விற்பனைப் பையன் வாங்கி இந்தியில் கேட்டுச் சொன்னான். ரோந்தில் சண்டை. வலப் பக்க விலாவில் குண்டு. எழிலரசன் உயிராபத்தைத் தாண்டிவிட்டான். பாவாடை யூனிஃபார்மோடு தட்டாஞ்சாவடிக்கு வந்து கூடத்து வாசலில் நின்றார். வாட்ச்மேன் யாரென்று கேட்டதற்கு, "பையனுக்குக் குண்டு பட்டுடுச்சி," என்றார். நிர்மலாதேவி உள்ளேயிருந்து அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டாள்.

பாவாடை தன் விலாவைத் தொட்டுக் காட்டினார்.

மே மாதம் எழிலரசன் விடுப்பில் வந்தான். ஒரு சிறுநீரகத்தை எடுத்திருந்தார்கள், இரண்டு விலா எலும்புகளில் கொஞ்சத்தை எடுத்திருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தான். பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. தெருவே வந்து பார்த்தது. சொல்தா வீட்டுக்காரர்கூடப் பழக்கூடையோடு வந்தார். அவன் பென்ஷன் எவ்வளவு வரும் என்று விசாரித்துவிட்டு, பதிலைக் கேட்டுச் சங்கடப்பட்டு எழுந்து போனார்.

மதியத்தில் சட்டையில்லாமல் மின்விசிறிக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்திருந்தான். நிர்மலாதேவி தழும்பில் களிம்பு தடவினாள். அக்குளுக்கு ஒரு சாண் கீழே.

"தோள்பட்ட பிரியலம்மா," என்றான் சுவரைப் பார்த்தபடி. "நீ சொல்லிக்குடுத்த தையலு. ஆஸ்பத்திரியில கழட்ட வரலையாம். கத்தி வெச்சி அறுத்தாங்களாம்."

அவள் தடவிக்கொண்டிருந்தாள்.

"புதுசுல இந்த எடத்துலதான் தகடு வருமா?"

அவள் உள்ளங்கையை விரித்துத் தழும்பின் மேல் வைத்தாள். தகட்டின் அளவும் ஏறக்குறைய அதுதான். "இங்கதான்."

"ம்."

அவள் டியூபைப் பிதுக்கி இன்னும் கொஞ்சம் களிம்பு எடுத்தாள்.

"நான்தான்டா தொவைக்கச் சொன்னேன். அவுரு துணிக்கு எழுதிப் போடறேன்னாரு."

"தீவாளிக்கே சொன்னியே."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சி." அவன் திரும்பிப் பார்த்தான். "அது எங்களுக்கே வந்திருக்கும்னு என்னா நிச்சயம்? வேற எந்த யூனிட்டுக்காவது போயிருக்கும். இல்ல தகடு வரலன்னு கெடங்குலயே கெடந்திருக்கும். நீ பாட்டுக்கு எல்லாத்தயும் உன் தலையில தூக்கிப் போட்டுக்காத."

"போன எடத்துல ஒருத்தன் போட்டிருப்பான் இல்ல?"

அவன் களிம்பு டியூபின் மூடியைத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தான்.

அந்த வாரம்தான் முன்பக்கத்துக்கான துணி வந்து சேர்ந்தது. அந்த அறுநூறு போக ஆர்டரில் மீதியிருந்ததற்கும் சேர்த்து வந்தது. அஞ்சலாட்சி பேசாமல் தைத்தாள். நிர்மலாதேவி எப்போதும்போல விலாப் பையின் மூலைகளில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். ஜூன் கடைசியில் அதே அதிகாரி வந்து, தண்ணீர் தெளித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். போகும்போது அவளிடம் ஏதோ கேட்க வந்தவர்போல் நின்றார். யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்காமலே காரில் ஏறினார். மறுநாள் லாரி புறப்பட்டது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்கும் கத்தரிக்கோல்களுக்கும் பொட்டு வைத்தார்கள். மேசை மேலிருந்த சரக்கைப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தார்கள்.

எழிலரசனை ரோந்துப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். நவம்பர் மாதம் அவன் யூனிட்டுக்குப் புது ஜாக்கெட்டுகள் வந்தன. கனம் தூக்கக் கூடாது என்பதால் பெட்டிகளை இறக்கும் வேலை மற்றவர்களுக்கு, பட்டையை அறுத்துப் பிரித்துக் கொடுக்கும் வேலை அவனுக்கு. உறைகள் எந்த ஊரில் தைக்கப்பட்டவை என்று பெட்டிகளின் மேல் எழுதியிருக்கவில்லை.